ஆண்டு பிறக்குமுன் துறைக்காவலன் சேந்தனுக்கு

கொன்றை பூத்து மலை பொன்னாக, மாரி பொய்யாது ஏரி நிறைய, ஏந்திய கோல் கோடாது குடி தழைக்க, நீலியாற்றின் இருகரையும் ஒரு குடைக்கீழ்க் காத்து, வடபுலத்தில் மூன்று போர் வென்று, அறங்கூறவையில் இருபத்தேழாம் ஆண்டு வீற்றிருக்கும் கொன்றைக்கோ இளநாகன், தன் கோநகராம் பொன்வேலியிலிருந்து விடுக்கும் திருமுக ஓலை.

நீலியாற்றின் நடுத்திட்டாகிய இடைத்துருத்தியில் கோட்டையும் துறையும் பழுதுபடாது காத்து, வெள்ளம் வந்த ஆண்டெல்லாம் கரைமக்களைத் தோளிலும் தோணியிலும் ஏற்றிக் கரைசேர்த்த துறைக்காவலன் கூத்தன் சேந்தன் காண்க. நின் துறை வாழ்க. நின் படகுகள் ஓட்டையின்றி மிதக்க. நின் முழங்கால் வலி, உண்டெனில், இவ்வோலை கண்ட அளவில் தணிக. ஈங்கு யாமும் கோப்பெருந்தேவியும் நலம். பட்டத்து யானைக்கு வந்த கால்வீக்கமும் வடிந்துவிட்டது.

செய்தி யாதெனின், ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் எம் ஓலைச்சாலையிலிருந்து நாட்டின் காவல்நிலைகள் அனைத்துக்கும் ஒரு வேண்டுகோள் ஓலை செல்வதும், வரும் ஆண்டில் அரசனின் நாட்களுள் தமக்கு வேண்டிய நாள் எது, எதன்பொருட்டு என்று நிலைத்தலைவர் ஒரே வரியில் எழுதித் திருப்புவதும், அவ்வரிகளைக் கொண்டு அரண்மனை நாட்பலகை நிரப்பப்படுவதும் எம் பாட்டனார் காலந்தொட்டு வரும் வழக்கம் என்பதை நீ அறிவாய். இவ்வாண்டு நூற்றுப்பத்து ஓலைகள் திரும்பின. நூற்றொன்பதில் வேண்டுகோள் இருந்தது. நின் ஓலையில் நின் பெயரும் துறையின் பெயரும் இருந்தன. அவற்றின்கீழ் ஒன்றும் இல்லை.

இது எம் செவிக்கு எட்டிய விதத்தை மறையாது சொல்வதே முறை. எம் ஓலைநாயகம் தாயன் ஏழு நாளுக்கு முன் அவைக்கு வந்து, கைகட்டி நின்று, ஒன்றும் கேளாத ஓலைக்கு மறுமொழியாக என்ன எழுதுவது என்று வினவினான். கேட்ட ஓலைக்கு என்ன எழுதுவாய் என்று யாம் வினவினோம். அதற்கு ஆயத்தமாக வைத்திருக்கிறோம் அரசே என்று ஓர் ஓலைக்கட்டை எடுத்துவந்து காட்டினான். ஓய்வான மழைக்காலத்தில் எழுதி, ஓரம் நறுக்கி, துளையிட்டு அடுக்கிய ஓலைகள். ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: வரும் ஆண்டு ஆகட்டும். அந்தக் கட்டில் இன்னும் நாற்பது ஓலை மிச்சம் இருந்தது.

இனி 'யாம்' என்று எழுத எனக்கு மனமில்லை, சேந்தா. இதுவரை தாயன் எழுதினான். இவ்விடத்தில் எழுத்தாணியை நான் வாங்கிக்கொண்டேன். அவன் முகம் சுளிக்கிறான், சுளிக்கட்டும். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அதை நீ முன்பே பார்த்து நகைத்தவன்தான்.

உன் பழைய ஓலைகள் அனைத்தையும் கொண்டுவரச் சொன்னேன். இருபத்தேழு வந்தன. ஆண்டு வரிசைப்படி அடுக்கி, ஒரு முற்பகல் முழுவதும் வாசித்தேன். ஆடிப்பெருக்கில் ஒருநாள் துருத்திக்கு வர வேண்டும். இருபத்தேழிலும் அதே வரி. முதல் சில ஓலைகளில் உன் எழுத்து சாய்ந்து, அவசரப்பட்டு, ஓலையைக் கிழிக்கும்படி இருந்தது. பிறகு நேராயிற்று. கடைசி ஐந்தாறு ஓலைகளில் எழுத்து பெரிதாகிவிட்டது. உனக்கும் கண் மங்குகிறது போலும். எனக்கும் அப்படித்தான், இதை எழுத வெயில் படும் மாடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வேண்டுகோளின் பக்கத்தில் சில ஆண்டுகளில் இரண்டொரு சொல் கூடுதலாக எழுதியிருந்தாய். ஒன்பதாம் ஆண்டு, மகள் பிறந்தாள், பெயர் நங்கை என்று. பதினான்காம் ஆண்டு, கொற்றி காய்ச்சலில் போய்விட்டாள், ஆனாலும் இவ்வாண்டு ஆற்றில் நீர் நன்று, வந்தால் பார்க்கலாம் என்று. அந்த ஓலைக்கும் இங்கிருந்து அதே மறுமொழி வந்திருக்கிறது. மனைவியைப் பறிகொடுத்தவனுக்கு உன் நண்பன் அனுப்பிய ஆறுதல் அது. அதைப் பிரித்து வாசித்தபோது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

பழியைத் தாயன்மேல் போட்டுத் தப்பலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அவன் பாவம், பழைய ஏடுகளைப் புரட்டிக் காட்டிவிட்டான். முதலாம் ஆண்டில் வடக்கே போர். வரும் ஆண்டு என்று நானே மெய்யாக வருந்திச் சொன்னேன். இரண்டாம் ஆண்டில் பெருவிழா, அதுவும் மெய்யே. மூன்றாம் ஆண்டில், துருத்தி ஓலைக்குச் சென்ற ஆண்டு எழுதியதையே எழுதுக என்று கட்டளையிட்டிருக்கிறேன். நல்ல ஊழியன் ஆதலால் இருபத்தைந்து ஆண்டும் அவன் அதை மறக்கவில்லை. வசதியாயிருக்கிறதே என்று மற்றவர் ஓலைக்கும் அதையே பழக்கிவிட்டான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஒருமுறை சறுக்கிய ஆனை அல்லேன். சறுக்கின இடத்திலேயே கால்நீட்டிப் படுத்துவிட்ட ஆனை.

ஓலையைக் கொண்டுவந்த தூதன் கீரனை அழைத்து, ஓலையன்றி வாய்மொழியாகச் சேந்தன் ஏதும் சொல்லியனுப்பினானா என்று கேட்டேன். அவன் தயங்கினான். அஞ்சாதே, சேந்தன் சொன்னபடியே சொல் என்றதும் சொன்னான். தாயன் இச்சொற்கள் திருமுகத்துக்கு ஆகா என்கிறான். ஆயினும் கேட்டபடியே எழுதுகிறேன். "போதும்யா. கேட்டுக் கேட்டு எனக்கே வெக்கமாப் போச்சு. அவரையும் ஏன் சங்கடப்படுத்தணும்? ராசாவ ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு." துறையின் திறவுகோலைத் துணைக்காவலனிடம் ஒப்படைத்துவிட்டு, சித்திரை முதல் நாள் விடிந்ததும் கழிமுகத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் படகேறப் போகிறாய் என்றும், இனித் திரும்பி வருவதாக இல்லை என்றும் கீரன் சொன்னான். உனக்குக் கோபம் என்றால் தாங்கியிருப்பேன். கோபமில்லை என்பதுதான் எனக்குச் சுட்டது.

நான் துருத்தியில் இருந்த அந்த ஓராண்டு உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அறியேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஆண்டுப்பிறப்புக் கொலுவில், நாள் குறிக்கும் பெருங்கணியின் தலைப்பாகை அவிழ்ந்து பாயசத்தில் விழ, நான் சிரித்ததற்காக என் தந்தையார் என்னை ஓராண்டு துறைக்காவலுக்கு அனுப்பினார். தண்டனை என்று அனுப்பினார். துருத்திக்கு வந்திறங்கியதும், இங்கே நான் என்ன செய்ய வேண்டும் என்று உன்னைக் கேட்டேன். உனக்கும் அதே வயதுதான். படகில் கீல் பூசிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பாராமல், இங்கே உனக்கு ஆணையிட ஆளில்லை, உன் நாளுக்கு நீ ஆணையிடாவிட்டால் காக்கை கொத்திக்கொண்டு போய்விடும் என்றாய். இளவரசனிடம் அதுவரை எவரும் அப்படிப் பேசியதில்லை. எனக்குச் சினம் வந்தது. அடுத்த நொடியே உன்னைப் பிடித்துப்போயிற்று.

அன்று மாலை மதில்மேல் உட்கார்ந்து, அந்த ஆண்டில் செய்ய வேண்டியவை என்று இருவரும் வகுத்தோம். நான் இருபது சொன்னேன். பதினேழை நீ தள்ளினாய். மூன்று நின்றது. நீலியை அகலத்துக்கு நீந்திக் கடப்பது. நீரின் நிறம் பார்த்து மேலே எங்கே மழை என்று சொல்லக் கற்பது. சமையற்காரன் உதவி இல்லாமல் ஒரு வேளைச் சோறாவது உண்ணத்தக்கதாய் ஆக்குவது. ஓர் ஆண்டுக்கு மூன்று போதுமா என்று கேட்டேன். மூன்றையும் முடித்தவன் எவனாவது இருந்தால் காட்டு என்றாய்.

மூன்றையும் முடித்தோம். நான் ஆக்கிய மீன்குழம்பை உன் வீட்டு நாய் மோந்து பார்த்துவிட்டுப் போனது கார்த்திகையில். நீ இரண்டாம் முறை வாங்கி உண்டது மாசியில். ஆடிப்பெருக்கன்று நடு ஆற்றில் எனக்கு மூச்சு முட்டி, நீருக்கடியில் போய், இனி அவ்வளவுதான் என்று நினைத்தபோது குடுமியில் ஒரு பிடி விழுந்தது. கொன்றைக்கோ மரபின் குடுமியை அப்படி இழுத்த கை உலகில் உன் கை ஒன்றுதான். அக்கரை மணலில் கிடந்து நீர் கக்கிக்கொண்டே, ஆண்டுக்கொருமுறை இதே நாளில் இங்கே கூடுவோம் என்று நான்தான் சொன்னேன். நீ கேட்கவில்லை, நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

அதன்பின் வந்த ஆண்டுகளை நான் எப்படிக் கழித்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்பலகையை நீ கண்டதில்லை. நீண்ட தேக்குப் பலகை. ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. பங்குனிக் கடைசியில் அதிகாரிகள் கூடி, தத்தம் நிறக் குச்சிகளைச் செருகுவார்கள். படைக்குச் சிவப்பு, கோயிலுக்கு மஞ்சள், நீர்நிலைக்கு நீலம், இப்படி. அரசனின் குச்சி வெள்ளை. அரசன் தனக்கென்று கொள்ளும் நாள் எல்லார்க்கும் பின்பு மிஞ்சும் நாளாகவே இருக்க வேண்டும் என்று என் பாட்டனார் விதி செய்தார். பெரிய மனம் கொண்டவர் செய்த விதி. குடிகளுக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று நானும் நெஞ்சு நிமிர்த்தியே இருந்தேன். வெண்குச்சி எல்லாம் ஒரு பேழையில் கிடந்து பழுப்பேறிவிட்டது.

உன் ஓலைகளை வாசித்த மறுநாள் சென்ற ஆண்டுப் பலகையை இறக்கி வைத்துப் பார்த்தேன். குடிகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினேன். குடை மாற்றும் விழாவுக்கு நான்கு நாள். யானைத் தந்தத்துக்குப் பூண் பொருத்தும் சடங்குக்கு இரண்டு நாள். என்மேல் பாடிய புகழ்ப்பாக்களைக் கேட்கப் பதினேழு நாள். அவற்றுள் ஒன்பதில் உறங்கினேன், மற்றவற்றில் உறங்காததற்கு வருந்தினேன். ஏரிக்கரை பார்க்க ஒதுக்கியது மூன்றே நாள், அதுவும் பல்லக்கில், திரையோடு. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பது எனக்கென்றே சொன்னதுபோல் இருந்தது. ஆண்டுதோறும் முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்முன் ஓடியது.

ஆகவே இவ்வாண்டு வழக்கத்தை மாற்றினேன். அதிகாரிகள் வருமுன் நானே பலகைமுன் அமர்ந்து வெண்குச்சிகளை முதலில் செருகினேன். பெருங்கணி பதறி ஓடிவந்தார். இவர் அன்றைய பெருங்கணியின் மகன். தலைப்பாகையை இறுகவே கட்டுகிறார். குடை விழாவை அரை நாளாக்கினேன். புகழ்ப்பா ஒரு நாள். அன்று பாடுவோர் மழையைப் பாடட்டும். மிஞ்சியதில் ஏரிக்கரைகளை முரசும் பல்லக்கும் இன்றி நடந்து பார்க்க இருபது நாள் எடுத்துக்கொண்டேன். வேண்டுகோள் ஓலைகளை என் கண்ணாலேயே வாசிக்கப் பங்குனியில் ஐந்து நாள். தேவியும் நானும் பரிசனம் இல்லாமல் உண்ண ஒவ்வொரு அமாவாசையும். இருபது திட்டம் போட்டுத்தான் இம்முறையும் தொடங்கினேன். பதினேழைத் தள்ள நீ பக்கத்தில் இல்லாததால் நானே தள்ளினேன். ஆடிப் பதினெட்டில் உனக்கென்று ஒரு வெண்குச்சியை ஊன்றி, அது அசையாதபடி மெழுகும் வைத்தேன்.

அந்த மகிழ்ச்சியில் உனக்கு ஓர் ஓலை எழுதுவித்தேன். இது அன்று, இதற்கு முந்தியது. துறைக்காவலன் சேந்தன் இடைத்துருத்தியை விட்டு அகலாது ஆடிமட்டும் அங்கேயே தங்கி அரசன் வரவுக்குக் காத்திருக்கக் கடவன் என்று எழுதி, கொன்றை இலச்சினையும் இட்டாயிற்று. உனக்குப் பேருதவி செய்வதாகவே எண்ணினேன்.

தேவி அதை வாங்கி வாசித்தாள். என் தேவி உன்னைக் கண்டதில்லை. ஆயினும் உன் கதைகள் அத்தனையும் அவளுக்குத் தெரியும், குடுமிக் கதை உட்பட. அவள் கூறியது இது. இருபத்தேழு ஆண்டு காத்திருந்தவரை இன்னும் நான்கு மாதம் காத்திருக்கச் சொல்லித் தாங்கள் ஆணையிடுகிறீர்கள். இதுவரை வேண்டுகோளுக்குத் தவணை சொன்னீர்கள், இப்போது இலச்சினையிட்டுத் தவணை சொல்கிறீர்கள். ஆடிக்குள் வடக்கே ஒரு குதிரை கனைத்தால் அந்த மெழுகு தாங்குமா? வரும் ஆண்டை அழகாக அடுக்கி வைத்ததில், இந்த ஆண்டில் இன்னும் பத்து நாள் மிச்சம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஓலையை அவள் கண்முன்னே ஒடித்துப்போட்டேன்.

இன்று பங்குனி இருபது. பொன்வேலியிலிருந்து உன் துறைக்கு ஆற்றுவழி ஆறு நாள். காற்று எதிர்த்தால் எட்டு. கீரன் இதை ஏந்திக் காலையில் புறப்படுகிறான். உச்சிவேளை உண்டபின் அடுத்த படகில் நான் வருகிறேன். இதை நீ பிரிக்கும்போது நான் அரை நாள் தொலைவில் இருப்பேன்.

ஆண்டின் தலைநாள் அரியணையில் அரசன் இல்லாவிட்டால் நாட்டுக்கு ஆகாது என்று பெருங்கணி அழாக்குறையாகச் சொன்னார். தேவி அமர்வாள், நாட்டுக்கு அதனால் நன்மையே வரும் என்று சொல்லிவிட்டேன். அமைச்சர் ஒருவர் ஆடிக்கு ஊன்றிய குச்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டார். அதுவும் அங்கேயே இருக்கட்டும். ஆடியில் கழிமுகத்துக்குப் போக எனக்கு வழி தெரியும் என்றேன்.

இனி ஆணை. நீலியாற்று வழியிலுள்ள துறையோரும் சாவடியோரும் ஊரவையோரும் அறிவது: இவ்வோலைக்குப் பின் வரும் சிறுபடகில், இரண்டு துடுப்பாளரோடு வெள்ளாடை உடுத்து வருபவனைக் கண்டால் முரசறையாதிருப்பதும், மாலையும் பூரணகும்பமும் கொண்டு கரைக்கு ஓடிவராதிருப்பதும், வாழ்த்துப்பா பாடுவோரை வீட்டிலேயே நிறுத்திவைப்பதும், பசித்து இறங்கினால் சோறும் மோரும் கொடுத்து உடனே அனுப்புவதும் செய்யக் கடவர். இதனை மீறி ஒரு நாழிகை தாமதம் செய்தோர் நாட்டுக்குத் தீங்கு செய்தோராவர். இது மறுப்பின்றி நடப்பதாக. இவ்வாணையை உறையின் புறத்தேயும் எழுதிக் கொன்றை இலச்சினை இட்டோம்.

சேந்தா, இலச்சினை அவர்களுக்கு. உள்ளே இருப்பது உனக்கு; இதில் ஆணை ஒன்றும் இல்லை. உன்னைப் போகவேண்டாம் என்று தடுக்க நான் வரவில்லை. முப்பது ஆண்டுக்குமேல் ஊரார் பிள்ளைகளைக் கரைசேர்த்தவன், இனி தன் மகள் வீட்டில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டும். என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கமாட்டேன். கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அதற்கு நான் இன்னும் தகுதி ஆகவில்லை. துருத்தியிலிருந்து கழிமுகத்துக்குப் படகில் மூன்று நாள் என்று கீரன் சொல்கிறான். ஒரு துடுப்பை எனக்குக் கொடு. இந்தக் கை இப்போது பட்டுமெத்தைக் கை. முதல் நாளே கொப்புளம் கண்டுவிடும், நீ சிரிப்பாய். உன் மூட்டைகளை நான் ஏற்றி இறக்குகிறேன். கொற்றியைப் பற்றி நீ சொல்லச் சொல்ல நான் கேட்டுவர வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் புத்தாண்டில் முதல் மூன்று நாளை எனக்குக் கொடு என்று கேட்கிறேன், சேந்தா. கொடுக்க மனமில்லை என்றாலும் குற்றமில்லை. அப்போது உன் துறையில் நின்று, படகு வளைவு திரும்பும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன்.

பங்குனி இருபதாம் நாள், முற்பகல், பொன்வேலி மேலைமாடத்திலிருந்து, என் கைப்பட,

இளநாகன்.